பனிமலையில் பயந்த சம்பந்தி

கடியபட்டணத்தில் ததேயுஸ் என்ற பெயரில் நாலைந்து பேர் உண்டு. ஆனால் ‘ஒக்கி ததேயுஸ்’ என்றால் ஒருவர்தான். ஒக்கிப் புயல் வந்த வருடம் ஆழ்கடலில் ஆட்களோடு அகப்பட்டவர். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக அழுது ஓய்ந்த பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நின்று, போட்டை எப்படியோ லட்சத்தீவுப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஊர் திரும்பியபோது டிவிக்காரர்கள் மைக்கை நீட்டி, பயமாக இல்லையா என்று கேட்டார்கள். “கடலுல பேடிச்சா பின்னே கரையில எப்பிடி ஜீவிக்கது?” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தை ஊர் விடவே இல்லை. தெருமுனைச் சிலுவைக் குருசடி முன்னால் சீட்டாடுகிறவர்களும் மீன் ஏலம் விடுகிறவர்களும் அதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார்.

அவருக்கு ஒரே மகள், பெபிஷா. நர்சிங் படித்து, அதன்மேல் ஜெர்மன் பாஷையும் படித்து, ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். அவள் கட்டிக்கொண்டது மார்த்தாண்டத்துப் பையன் ஷாஜனை. அவர்கள் சி.எஸ்.ஐ. சபை, இவர்கள் கத்தோலிக்கர். எந்தக் கோயிலில் வைத்துக் கல்யாணம் என்பதிலேயே ரொம்ப நாள் இழுத்து ஒருவழியாக முடிந்தது. ஷாஜனுக்கு அப்பா இல்லை. அம்மா ஜெபகுமாரி, மேம்பாலத்தை ஒட்டிய ஒரு கட்டிடத்தின் மாடியில் துணிக்கடை நடத்தி அவனைப் படிக்கவைத்தவர். அதிகம் பேசமாட்டார். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் மரியாதை இருந்தது, நெருக்கம் வரவில்லை. கல்யாண வீட்டில் யாரோ இந்தக் கடற்கரை ஆட்களை “கடப்புறத்துக்காரங்க” என்று ஒரு தினுசாகச் சொன்னது ததேயுஸின் மனைவி செசிலியின் காதில் விழுந்திருந்தது. செசிலி எதையும் எளிதில் மறக்கிறவள் இல்லை.

பெபிஷாவுக்குக் குழந்தை பிறந்தபோது முதலில் செசிலி போய் இருந்துவிட்டு வந்தாள். அவள் திரும்பியதும் ஜெபகுமாரியின் முறை. அம்மாவைத் தனியாக விமானம் ஏற்றி அனுப்ப யோசித்த ஷாஜன், மாமனாருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டான்.

“சம்பந்தியைப் பத்திரமா கொண்டு சேக்கியது எனக்க பொறுப்பு. நீ ஒண்ணும் நெனக்காண்டாம் மக்கா,” என்று ததேயுஸ் போனில் சொன்னார். விமானத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஜெபகுமாரிதான். அது வேறு.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஷாஜன் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு தெற்கே மலைப்பக்கம் போனான். மலையடியில் ஒரு சின்னப் பழைய ஊர். அதன் பெயர் இரண்டு பெரியவர்கள் வாயிலும் நுழையவில்லை. ஊரைச் சுற்றிக் கருங்கல் மதில் இருந்ததால் ததேயுஸ் அதைக் ‘கோட்டையூர்’ என்று வைத்துக்கொண்டார். ஊர்ப்பக்கத்து வட்டக்கோட்டை மதிலைப் பெயர்த்துவந்து பனிக்குள் வைத்ததுபோல் இருந்தது. மதிலுக்குள் சின்னச் சின்னத் தெருக்கள், சுவரெல்லாம் புனிதர்களின் படம் வரைந்த வீடுகள், நடுவில் ஒரு சந்தைத் திடல், அதன் ஓரத்தில் ஒரு மணிக்கூண்டு. சுவரில் அந்தோணியாரை அடையாளம் கண்டு ததேயுஸ் நின்று கும்பிட்டார். ஒரு பழைய வீட்டு மாடியில் தங்க அறை எடுத்து, பைகளை வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு நடக்கும் மலைக்குப் போனார்கள்.

அங்கே ஒரு திருவிழாக் கூட்டம். கனத்த பூட்சும் கண்ணாடியும் போட்டு, நீளக் கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு ஆட்கள் டக் டக்கென்று நடந்தார்கள். இடுப்பு உயரப் பிள்ளைகள் கூட மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கிவந்து சட்டென்று நின்றன. கீழே ஒரு சாப்பாட்டுக் கடை. வெயில் அடித்தது, ஆனால் உறைக்கவில்லை.

ஜெபகுமாரி பனியைக் கையில் அள்ளி அமுக்கிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தார். அங்கே வரைக்கும் ஒரு கம்பி போயிற்று. அதில் நாற்காலிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு ஏறின. பழனியில் இருப்பதுபோல் மூடிய பெட்டி இல்லை. இரண்டு பேர் உட்காருகிற திறந்த நாற்காலி, முன்னால் ஒரு தடுப்புக் கம்பி, அவ்வளவுதான்.

“மக்கா, அதுல நம்மளும் போலாமா? கட்டை இல்லாதவங்களும் போறாங்களே,” என்று அவர் மகனிடம் கேட்டார். வந்த நாளிலிருந்து அவர் தனக்கென்று கேட்ட முதல் காரியம் அது.

குழந்தையை அந்தக் குளிரில் மேலே கொண்டுபோக முடியாது. பெபிஷா குழந்தையோடு சாப்பாட்டுக் கடைக்குள் இருந்துகொள்வாள்; ஷாஜனுக்குச் சறுக்கிப் பழக ஒரு வகுப்பில் இடம் எழுதியிருந்தது. அவன் தயங்கினான்.

“நான் இருக்கேன்லா,” என்றார் ததேயுஸ். “சம்பந்தியை நான் கொண்டு காட்டிட்டு வாறேன். கடலைவிடப் பெரிசா இது?”

ஏறும்போதே அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. நாற்காலி காலின் பின்பக்கம் வந்து இடித்து, உட்காரவைத்து, தரையை விட்டுத் தூக்கியது. கால் தொங்கியது. அவர் பிறந்ததிலிருந்து எந்தத் தண்ணீரில் மிதந்தாலும் காலுக்குக் கீழே ஒரு பலகை இருந்தது. இப்போது பூட்சுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. வெகு கீழே பைன் மரங்களின் நுனி. தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். பக்கத்தில் ஜெபகுமாரி சேலைக்கு மேல் கோட்டும் அதன்மேல் கம்பளிச் சால்வையும் போர்த்திக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தவர்போல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிக்கு மேல் ஏறியிருப்பார்கள். காற்று பிடித்தது. நாற்காலி ஒரு முறை ஆடியது. பிறகு கம்பி கிறீச்சிட்டு நின்றுவிட்டது.

நின்றதும் ஆட்டம் அதிகமானது. முன்னும் பின்னும் ஆடிய நாற்காலி இப்போது பக்கவாட்டில் சாய்ந்தது. சரிவிலிருந்து பனித்தூள் எழும்பி வந்து முகத்தில் அடித்தது. மேலேயும் தெரியவில்லை, கீழேயும் தெரியவில்லை. முன்னால் தொங்கிய நாற்காலியில் இருந்த யாரோ சிரிப்பது மட்டும் கேட்டது.

ததேயுஸின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் குரல் என்றே அவருக்கு முதலில் தெரியவில்லை. “மாதாவே, மாதாவே” என்று தொடங்கி, பிறகு சொல்லே இல்லாமல் வெறும் ஊளையாக ஆயிற்று. ஒக்கியில் அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிடிக்க ஸ்டியரிங் இருந்தது, வெட்டித் திருப்ப அலை இருந்தது, அதட்ட ஆட்கள் இருந்தார்கள். இங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கம்பியை விட்டுவிட்டு ஜெபகுமாரியின் கையைப் பிடித்தார், பிறகு தோளை, கடைசியில் முகத்தை அவர் சால்வைக்குள் புதைத்துக்கொண்டு, “என்னைய விட்டிராதீங்க, விட்டிராதீங்க” என்று அழுதார்.

ஜெபகுமாரி உதறவில்லை. ஒரு கையால் கம்பியையும் மறுகையால் அவர் முதுகையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, கண்ணைத் திறக்காதீங்க. நான் பேசுகேன், நிங்க கேட்டா போதும். எனக்க கடைக்கு நிங்க வந்ததே இல்லல்லா? படி ஏறினதும் இடது பக்கம் நைட்டி. அதுக்கு மேல் தட்டுல பாவாடைத் துணி. நேரே பாத்தா ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மேம்பாலம். பாலத்துல போற பஸ்ஸுல இருக்கவங்க முகம் நமக்கு நேரே தெரியும்...”

அலமாரி அலமாரியாகச் சொல்லிக்கொண்டே போனார். எந்தச் சேலை எத்தனை நாளாக விற்கவில்லை, எந்தப் பெண் தினமும் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்பதுவரை. அவர் குரல் ஒரு தடவைகூட நடுங்கவில்லை. எங்கேயோ நடுவில், வெள்ளைப் பாப்ளினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ததேயுஸுக்குத் தொடையில் சூடாக நனைந்தது. என்ன நடந்தது என்று புரிந்ததும் அவர் அழுகை நின்றுவிட்டது.

கம்பி மறுபடி நகர்ந்து உச்சிக்குப் போய் இறங்கியபோது, அவருடைய வெளிர் கால்சட்டையில் முன்பக்கம் முழுக்க ஈரம். ஷாஜன் கொடுத்த ஜாக்கெட் இடுப்புக்கு மேலேயே நின்றது. ஜெபகுமாரி தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து, கைலி கட்டுவதுபோல் அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இறுக்கிவிட்டார்.

“மூட்டுக்கு நல்ல குளிருண்ணு சொன்னா போதும்,” என்றார்.

காற்று குறையவில்லை. கட்டை இல்லாமல் வந்தவர்களைச் சங்கிலிச் சக்கரம் வைத்த ஒரு வண்டியில் கீழே இறக்குவதாக அங்கிருந்தவர்கள் கையால் காட்டினார்கள். வண்டி வர நேரம் இருந்தது. ஒரு நிமிடம் பனித்தூள் அடங்கி, எதிரே மலைக்குப் பின்னால் மலையாக வெள்ளை வெள்ளையாகத் திறந்தது. ஜெபகுமாரி இரண்டடி முன்னால் போய் நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

“அண்ணா, இங்க வந்து பாருங்க.”

“போவோம் சம்பந்தி,” என்றார் ததேயுஸ். சால்வை முடிச்சைப் பிடித்துக்கொண்டார். “உள்ள போயிருவோம். வாங்க.”

ஜெபகுமாரி திரும்பி ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கீழே வண்டி நின்றதும் பெபிஷா குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னால் ஷாஜன், பூட்சோடு.

“அப்பா! நடுவுல நின்னுபோச்சுண்ணு சொன்னாவளே! ஒண்ணும் இல்லையே?”

ஷாஜன் அம்மாவின் கையைப் பிடித்தான். சால்வை இல்லாமல் அந்தக் காற்றில் நின்ற ஜெபகுமாரிக்குப் பல் கிட்டித்தது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

“அம்மா, என்ன இப்பிடி விறைக்குது? பேடிச்சிட்டியா?”

ஜெபகுமாரி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ததேயுஸ் சொன்னார். “கொஞ்சம் பேடிச்சிட்டாவ மக்கா. சாரமில்ல. நான் பக்கத்துல இருந்தேன்லா.”

திட்டமிட்டுச் சொன்னது இல்லை. மகள் அவர் இடுப்புச் சால்வையைப் பார்க்கப்போனாள். அந்தக் கண்ணை வேறு எங்காவது திருப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபிறகு அதைத் திரும்ப எடுக்க ஒரு விநாடி இருந்தது. அந்த விநாடி போயிற்று.

ஜெபகுமாரி அவரைப் பார்த்தார். கடையில் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, எதிரே இருக்கிறவர் ஒன்றை எடுத்துப் பைக்குள் செருகுவதைக் கண்டவர்போல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு, “சூடா ஏதாச்சும் குடிச்சா சரியாவும்,” என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கடைக்குள் நடந்தார்.

சாயங்காலம் அறையில் செசிலி வீடியோவில் வந்தாள். நடந்ததைப் பெபிஷாதான் முதலில் சொன்னாள். செசிலிக்குக் கண் விரிந்தது. “பின்னே நிங்க என்ன செய்திய?” என்று கணவரைக் கேட்டாள். ததேயுஸ் சும்மா பேசிக்கொண்டே இருந்ததாகச் சொன்னார். கடையைப் பற்றி, துணியைப் பற்றி, சம்பந்திக்குப் பழக்கமானதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பயத்தில் இருப்பவர்களை அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். சொல்லச்சொல்ல அவருக்கே காது சுட்டது. குளியலறைக் கதவு திறந்து ஜெபகுமாரி வந்து, ஈரச் சால்வையை வெந்நீர்க் குழாய் மேல் விரித்துப் போட்டார். அவரே அதைச் சோப்புப் போட்டு அலசியிருந்தார்.

மறுநாள் ஊரைச் சுற்றிப் பார்த்தார்கள். சந்தைத் திடலில் இருந்த மணிக்கூண்டில் ஏறலாம், மேலே போனால் மதிலும் ஆறும் மலையும் ஒன்றாகத் தெரியும் என்று பெபிஷா சொன்னாள். ஜெபகுமாரி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

“அம்மா வேண்டாம்,” என்றான் ஷாஜன், ரொம்ப அன்பாக. “நேத்து பட்டது போதும். அம்மாவுக்கு ஒயரம் ஒத்துக்கிடாது. பிள்ளைய வச்சிட்டு இங்க வெயில்ல இருங்க.”

உண்மையைச் சொல்ல ததேயுஸுக்கு அப்போதும் வாய் இருந்தது. ஷாஜன் அவர் கையைப் பிடித்து, “வாங்க மாமா” என்றான். போனார். உள்ளே மரப்படிகள், நாலு பக்கமும் சுவர், காலுக்குக் கீழே பலகை. ஒரு பயமும் வரவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. மேலே போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது, மலை தெரிந்தது, ஆறு தெரிந்தது, நேர்கீழே திடலில் ஒரு பெஞ்சில் சின்னதாக ஜெபகுமாரி தெரிந்தார். குழந்தை வண்டியை ஒரு காலால் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் மேலே பார்க்கவில்லை. மகள் போட்டோ எடுக்கத் திரும்பச் சொன்னாள். அந்தப் போட்டோவில் ததேயுஸ் சிரிக்கிறார்.

இரண்டு பேரும் ஊர் திரும்புவதற்கு முன்பே கதை திரும்பிவிட்டது. செசிலி ஒரு வீடு விடவில்லை. ‘கடப்புறத்துக்காரன்’ இல்லையென்றால் மார்த்தாண்டத்துச் சம்பந்தி அந்தரத்தில் என்ன ஆகியிருப்பார் என்பதுதான் அதன் சாரம். ஏலக்கூடத்தில் ஆட்கள் ததேயுஸின் முதுகில் தட்டினார்கள். “ஒக்கிக்கே கலங்காத ஆளு, பனிக்கா கலங்கப்போறாரு!” அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார், சொல்லாததையும் அவர்கள் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார்கள். சீட்டாடப் போவதை மெல்லக் குறைத்தார்.

மே மாதம் ஷாஜனின் சித்தப்பா வீட்டில் ஒரு கல்யாணம். மார்த்தாண்டத்தில் மண்டபம். ததேயுஸும் செசிலியும் போனார்கள். பந்தியில் இவர்களுக்கு எதிர் வரிசையில் ஜெபகுமாரி இருந்தார். ஷாஜனின் சித்தப்பா மகன் ஸ்டெனி பரிமாறிக்கொண்டே வந்தான். எப்போதும் கேலி பேசுகிற ஆள்.

“பெரியம்மைக்கு இலை தரையில போடட்டா? நாற்காலியில இருந்தா தலை சுத்துமே!”

வரிசை முழுக்கச் சிரித்தது. வரிசையில் ஒரு பெண், “ஷாஜன் அடுத்த வருசம் சுவிஸுக்குப் போறானாம்லா. அம்மைய கூட்டிட்டுப் போகல்லியாம். மலை ரயில்லாம் அம்மைக்கு ஆகாதுண்ணு சொல்லிட்டான்,” என்றாள். அது கேலி இல்லை, வெறும் செய்தி. ஜெபகுமாரி சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டினார். ஆமாம், ஆகாதுதான் என்பதுபோல். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ததேயுஸ் கையிலிருந்த சோற்றை இலையில் போட்டார்.

“பேடிச்சது அவங்க இல்ல,” என்றார். சத்தமாகவே வந்தது. “நானாக்கும். நான்தான் அழுதேன். அவங்க என்னைய பிடிச்சிட்டு இருந்தாவ.”

வரிசையில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஸ்டெனி பருப்புக் கரண்டியோடு கையைத் தூக்கினான். “பாத்தியளா! இதாக்கும் மனுசன்! சம்பந்திக்கு ஒரு குறைச்சல் வரக்கூடாதுண்ணு பழியத் தன் தலையில போடுகாரு!”

“இல்ல மக்கா, உள்ளதாட்டே. நான் கால்சட்டையிலே...”

அவர் முடிக்கவில்லை. அதற்குள் சிரிப்பு வெடித்துவிட்டது. ஒக்கி ததேயுஸ் கால்சட்டையில்! எவ்வளவு நயமாகச் சொல்கிறார்! யாரோ கைதட்டினார்கள். செசிலி அவர் முழங்கையைக் கிள்ளி, “போதும், இதுக்கு மேல எறங்காண்டாம்,” என்றாள், பெருமையாக. ஜெபகுமாரி இலையை மடித்துவிட்டு எழுந்தார். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் ததேயுஸ் பஸ் ஏறி மார்த்தாண்டம் போனார். செசிலியிடம் வலை வாங்கப்போவதாகச் சொன்னார். துணிக்கடைப் படியில் ஏறினார். மேலே போனதும் இடது பக்கம் நைட்டி, அதற்கு மேல் பாவாடைத் துணி, நேரே ஜன்னல். எல்லாம் அவருக்குத் தெரிந்த இடம்போல் இருந்தது. ஜெபகுமாரி ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட் துணி கிழித்துக்கொண்டிருந்தார். அவள் போகும்வரை இவரை உட்காரச் சொல்லவில்லை.

“நேத்து நான் சொன்னேன் சம்பந்தி,” என்றார் ததேயுஸ். “ஒருத்தரும் நம்பல்ல.”

“கேட்டேன்.”

“நான் என்ன செய்யட்டும்? காலுல விழச் சொன்னா விழுகேன்.”

ஜெபகுமாரி கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். “காலுல விழுந்து எனக்கு என்ன ஆவப்போவுது? அண்ணா, நிங்க அழுததுல எனக்கு ஒண்ணும் தோணல்ல. யாருக்கும் வரும். துணிய நனச்சது கூட நான் யாருகிட்டயும் பறஞ்சதில்ல, பறயவும் மாட்டேன். ஆனா எனக்க வீட்டுக்காரர் செத்த பிறவு இந்த முப்பது வருசத்துல நான் எனக்காட்டு ஒண்ணு கேட்டது அண்ணைக்குத்தான். அந்த மேல ஏறிப் பாக்கணும்ணு. ஏறினேன். பேடி இல்லாம ஏறினேன். அது எனக்க கையில இருந்தது. நிங்க அத எடுத்துட்டுப் போயிட்டிய.”

ததேயுஸ் ஜன்னலைப் பார்த்தார். மேம்பாலத்தில் ஒரு பஸ் நின்று நின்று நகர்ந்தது.

“ஊருல ஆயிரம் பேரு சிரிச்சிட்டுப் போட்டு. எனக்கு ஷாஜன் ஒருத்தன்தான். அவன் என்னைய ஒரு கிழவியாட்டு பெஞ்சில இருத்திட்டான். அவன்கிட்ட சொல்லுங்க. இப்பம். இங்க இருந்து.”

“பெபிஷாவும் இருப்பாளே...”

“இருக்கட்டும்.”

கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னவருக்கு, இரண்டு பேரிடம் சொல்ல வாய் வரவில்லை. போனை எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தார். அங்கே காலைச் சாப்பாட்டு நேரம். ஷாஜனும் பெபிஷாவும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். “அப்பா! அத்தை கடையில என்ன செய்யுதிய?” என்று பெபிஷா சிரித்தாள்.

அவர் சொன்னார். இந்தத் தடவை முதலிலிருந்து, ஒவ்வொன்றாக: கால் தொங்கியது, முகத்தைப் புதைத்தது, நனைந்தது, சால்வை. சால்வையைக் கொடுத்ததால்தான் அவர்கள் அம்மா நடுங்கியது. கீழே வந்ததும் தான் முந்திக்கொண்டு சொன்ன பொய். சொல்லும்போது தன் முகம் போனின் மூலையில் சின்னதாகத் தெரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு ஒன்றும் வரவில்லை. பெபிஷா குனிந்து குழந்தையின் வாயைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். “மணிக்கூண்டுல... நீங்க எங்ககூட மேல வந்தீங்களே அப்பா,” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பரவாயில்ல மாமா,” என்றான் ஷாஜன். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் குரலில் எதுவோ ஒன்று எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டது. “அம்மாகிட்ட குடுங்க.”

ஜெபகுமாரி போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். “சுவிஸுக்கு எனக்கும் டிக்கெட் போடு. பிள்ளைய பாக்கதுக்கு இல்ல,” என்று சொல்வது கேட்டது. பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ பேசி, நடுவில் ஒருமுறை சிரித்தார். அவர் சிரித்துத் ததேயுஸ் கேட்டதே இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

“வெயில் ஏறுதுக்கு முன்னே போங்க அண்ணா,” என்றார். சாயா கொண்டுவரச் சொல்லவில்லை.

வலை இல்லாமல் வீட்டுக்கு வந்தார். பெபிஷா அதற்குள் அம்மாவைக் கூப்பிட்டிருந்தாள். செசிலி முன்னறையில் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு உலை வைத்த அடையாளமே இல்லை.

“உள்ளதா?”

“உள்ளது.”

“எல்லாம்?”

“எல்லாம்.”

ததேயுஸ் திட்டு வரும் என்று காத்திருந்தார்; வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எத்தன வீட்டுல சொன்னேன்,” என்றாள் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. “அந்தப் பொம்பளையப் பத்தி எப்பிடியெல்லாம் சொன்னேன். அவ எனக்க மனுசனுக்க மூத்திரத் துணியக் கழுவிப் போட்டிருக்கா. நான் இங்க இருந்து சிரிச்சிட்டு இருந்திருக்கேன்.” எழுந்து கொடியில் கிடந்த நல்ல சேலையை எடுத்துச் சுற்றிக்கொண்டாள்.

“எங்க போற?”

“சொன்ன வீட்டுக்கெல்லாம் போவண்டாமா? நிங்க சொன்னா நம்பமாட்டினும். நான் சொன்னா நம்புவினும்.”

“ஏட்டி, நாளைக்குப் போலாம்...”

செசிலி செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அடுத்த வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஜன்னலைச் சாத்தலாம் என்று போன ததேயுஸ் அதைச் சாத்தாமல் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் செசிலி பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கதவு திறந்தது. பிறகு அவளுடைய உரத்த குரல், ஒரு சொல்லும் விழுங்காமல், ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. அந்த வீட்டுக்காரி முதலில், “ஏட்டி, விளையாடாத,” என்றாள். செசிலி தொடர்ந்து சொன்னாள். அதன்பிறகு அந்தப் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

பிறகு செருப்புச் சத்தம் தெருவில் இறங்கி, அதற்கடுத்த வீட்டு வாசலை நோக்கிப் போனது.